ஜோர்ஜ்டவுன் நடுவே மாநாட்டு ஹோட்டல்: ஆட்சேபம் எழுதும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி சுருக்கமாக இது: பினாங்கு லிட்டல் இந்தியாவிலிருந்து இரண்டு தெரு தள்ளி, பெரிய மண்டபத்தோடு மாநாட்டு ஹோட்டல் ஒன்று கட்டப் போவதாகப் பேச்சு. கடைக்காரர்களில் ஒரு பாதி “கூட்டம் வரும், வியாபாரம் வரும்” என்கிறார்கள். மறு பாதி “தெருவே அடைத்துக்கொள்ளும், வாடகை ஏறும்” என்கிறார்கள். கேட்டவர் பழைய கடைவீட்டில் வாடகைக்குத் துணிக்கடை நடத்துகிறார். எதிர்ப்பதா, ஆதரிப்பதா, எதிர்த்தால் யாரிடம், எப்படி?

முதலில் நாள் கணக்கு. தீபகற்ப மலேசியாவில் எந்தக் கட்டடத் திட்டத்துக்கும் 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி (172ஆம் சட்டம்) திட்ட அனுமதி வேண்டும். நம் ஊரில் எல்லாரும் கே.எம். என்று சொல்லும் கெபெனாரான் மெரஞ்சாங் அதுதான். அந்த விண்ணப்பம் போனதும் அண்டை நில உரிமையாளர்களுக்கு நோட்டீஸ் வந்தால், கையில் கிடைத்த நாளிலிருந்து 21 நாளுக்குள் ஆட்சேபத்தை மாநகர் கழகத்திடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். வாட்ஸாப்பில் சுற்றும் கோபமும், சட்டமன்ற உறுப்பினரிடம் வாய்விட்டுச் சொன்னதும், பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டியும் இந்த 21 நாள் கணக்கில் சேராது. எதிர்ப்பு பலமாக இருந்தும் தோற்றுப்போகும் இடங்களில், காகிதம் உரிய மேசைக்கு உரிய நாளில் போகாததே பெரும்பாலும் காரணம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மாநாட்டு ஹோட்டல் என்றதும் எல்லாரும் கோபுரத்தின் உயரத்தையும் அறைகளின் எண்ணிக்கையையும் பற்றியே பேசுகிறார்கள். அக்கம்பக்கத்தைப் படுத்துவது அறைகள் இல்லை. 300 அறை உள்ள சாதாரண ஹோட்டலில் விருந்தினர்கள் நாள் முழுக்கச் சிதறி வந்து சிதறிப் போவார்கள். மண்டபத்தில் 700 பேர் ஒரே மணி நேரத்தில் வந்து இறங்கி, ஒரே அரை மணியில் கிளம்புவார்கள். ஆகவே வரைபடத்தைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் தேட வேண்டியது மண்டபத்தின் பரப்பளவை. மற்ற எல்லாம் அதிலிருந்து வரும்.

மண்டபம் ஏன் பழைய நகரத்தோடு ஒத்துப்போக மறுக்கிறது என்று பார்ப்போம். விருந்து மண்டபத்தின் நடுவே தூண் இருக்கக் கூடாது. தளத்திலிருந்து கூரைவரை 7, 8 மீட்டர் வேண்டும். அதற்கு மேலே இரும்பு உத்தரங்களும் குளிர்சாதனக் குழாய்களும் ஓட இன்னும் 2 மீட்டர் போகும். ஆக மண்டபம் ஒன்றே 10 மீட்டர் உயரத்தை விழுங்கிவிடும். அறைகள் உள்ள கோபுரத்தை மண்டபத்தின் தலைமேல் வைத்தால் கோபுரத்தின் தூண்கள் மண்டபத்துக்குள் இறங்கும். அதைத் தவிர்க்க மிகக் கனமான உத்தரங்கள் போட வேண்டும், செலவு எகிறும். அதனால் மண்டபத்தைக் கோபுரத்துக்குப் பக்கத்தில் தனியாக வைக்கவே விரும்புவார்கள். அதற்கு அகலமான நிலம் வேண்டும், அதாவது பல சிறு நிலத் துண்டுகளை வாங்கி ஒன்றாக்க வேண்டும். கடைவீட்டு வரிசைகள் மீது கண் விழுவது இப்படித்தான்.

ஜோர்ஜ்டவுன் 2008 ஜூலை 7ஆம் தேதி மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. மூலப் பகுதி ஏறக்குறைய 109 ஹெக்டர், அதைச் சுற்றிய காப்புப் பகுதி 150 ஹெக்டர். மூலப் பகுதியில் புதுக் கட்டடத்தின் உயரம் 18 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. அந்த 18 மீட்டரில் மண்டபத்துக்கு 10 மீட்டர் போனால் மேலே இரண்டு மாடி அறைகள்தான் மிஞ்சும், முதலீட்டுக்குக் கட்டுப்படியாகாது. எனவே மேம்பாட்டாளருக்கு இரண்டே வழி. உயரத்தில் விலக்கு கேட்பது ஒன்று, பூமிக்கடியில் தோண்டுவது மற்றொன்று. உயர விலக்கு என்றால் ஊரே கவனிக்கும். அடித்தளம் தோண்டுவதை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. பக்கத்துக் கடைவீட்டுக்கு அதுதான் கூடுதல் ஆபத்து. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இந்தப் 18 மீட்டர் விவகாரம் புதிதில்லை. பட்டியலில் இடம் கிடைத்த அந்த 2008ஆம் ஆண்டிலேயே நான்கு உயரமான ஹோட்டல் திட்டங்கள் பெரிய சர்ச்சை ஆயின. யுனெஸ்கோ விளக்கம் கேட்டது, பாரம்பரியத் தகுதியே பறிபோகுமோ என்ற பேச்சு எழுந்தது. அனுமதி கொடுத்த பிறகு அதைத் திரும்பப் பெற்றால் மேம்பாட்டாளருக்கு இழப்பீடு தர வேண்டிவரும் என்பது அப்போது மாநில அரசின் கழுத்தை நெரித்த சிக்கல். இன்றைக்கும் அது பொருந்தும். அனுமதிக்கு முன் எழுதும் ஒரு பக்கக் கடிதத்துக்குள்ள வலு, அனுமதிக்குப் பிறகு நடத்தும் ஊர்வலத்துக்கு இல்லை.

பாரம்பரிய வட்டாரத்துக்கான சிறப்புப் பகுதித் திட்டம் 2016 செப்டம்பர் 1ஆம் தேதி அரசிதழில் வந்தது. எந்தக் கட்டடம் முதல் வகை, எது இரண்டாம் வகை (இரண்டுமே காக்க வேண்டிய பாரம்பரியக் கட்டடங்கள்), எங்கே காலி மனையில் புதிதாகக் கட்டலாம், எங்கே இடித்துக் கட்டலாம் என்று மனை மனையாக அதில் குறித்திருக்கிறது. உங்களுக்குப் பக்கத்து மனை அதில் என்ன வகை என்று பார்ப்பதே முதல் வேலை. அது இரண்டாம் வகையாக இருந்தால் மேம்பாட்டாளரின் அழகான படங்களைப் பார்த்து மலைக்க வேண்டியதில்லை, திட்டமே அடிப்படையில் இடறுகிறது.

இப்போது கார் கணக்கு. மண்டபம் 1,000 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பேர் உட்காரும் வட்ட மேசைக்கு நாற்காலியும் நடைவழியும் சேர்த்து 12 முதல் 14 சதுர மீட்டர் போகும். மேடை, பரிமாறும் இடம் கழித்தால் சுமார் 70 மேசை, 700 பேர். காருக்கு மூன்று பேர் என்றால் 230 கார். மாலை ஏழரைக்கு விருந்து என்றால் அதில் 180 காராவது ஆறரைக்கும் ஏழரைக்கும் நடுவில் வந்து நிற்கும். ஒரு காரிலிருந்து பட்டுச் சேலை கட்டிய பாட்டி இறங்கி, குழந்தை இறங்கி, பரிசுப் பெட்டி இறங்க ஒரு நிமிடத்துக்குக் குறையாது. முன் கார் நகராமல் பின் கார் நகர முடியாது என்பதால் ஓர் இறங்குமிடம் நடைமுறையில் மணிக்கு 40 காரைத்தான் தாங்கும். 180ஐ 40ஆல் வகுத்தால் ஐந்து இடம் வேண்டும். ஒரு காருக்கு 7 மீட்டர் வீதம் 35 மீட்டர் நீள வாசல், பக்கத்தில் தாண்டிப் போக இன்னொரு தடம், அதற்குப் பின்னால் 15 கார் வரிசை நிற்க 100 மீட்டர். இந்த 100 மீட்டர் ஹோட்டல் நிலத்துக்குள் இல்லையென்றால் உங்கள் தெருவில் இருக்கும். தரைத்தள வரைபடத்தில் அளவுகோலை வைத்து அளந்து பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

பார்க்கிங்கில் எத்தனை இடம் என்பதைவிட வெளியேறும் வழி எத்தனை என்பது முக்கியம். தடுப்புக் கட்டையில் அட்டையைத் தொட்டு வெளியேற ஒரு காருக்குப் 10, 12 விநாடி. ஒரு தடத்தில் மணிக்கு 300 முதல் 350 கார். விருந்து முடிந்து 230 காரும் அரை மணியில் கிளம்ப நினைத்தால் ஒரு தடம் போதாது, இரண்டு வேண்டும். அந்த இரண்டும் ஒரே குறுகிய தெருவில் போய் விழுந்தால் இரண்டாவது தடத்தால் பயன் இல்லை.

பேருந்துகளை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். மாநாட்டுக்கு வரும் 500 பேரை வேறு ஹோட்டல்களிலிருந்து ஏற்றிவர 40 இருக்கைப் பேருந்து பன்னிரண்டு, பதின்மூன்று வேண்டும். ஒவ்வொன்றும் 12 மீட்டர் நீளம். வரிசையாக நிறுத்தினால் 150 மீட்டர் சாலை ஓரம் போய்விடும், அதுவும் ஏர்கோனுக்காக இஞ்சினை அணைக்காமல். மார்க்கெட் ஸ்ட்ரீட், குயின் ஸ்ட்ரீட் போன்ற தெருக்களின் முனையில் இந்தப் பேருந்து ஒரே வீச்சில் திரும்ப முடியாது. ஆகவே பேருந்துகள் எங்கே காத்திருக்கும், எந்தத் தெருவழியாக வரும் என்பதற்கு வரைபடத்தில் பதில் இருக்க வேண்டும். “அருகிலுள்ள பொது நிறுத்துமிடம்” என்று போட்டிருந்தால் அது பதில் இல்லை என்று எழுதுங்கள்.

அடுத்து இரவு. ஒரு நிகழ்ச்சி இரவு பதினொன்றுக்கு முடிந்து மறுநாள் காலை ஒன்பதுக்கு வேறொன்று தொடங்கும். நடுவில் பழைய மேடையைப் பிரித்து, புதுக் கண்காட்சிக் கூடுகளை அடிக்க வேண்டும். நள்ளிரவு முதல் விடியும்வரை லோரிகள் வந்து போகும். பின்னோக்கி எடுக்கும்போது அடிக்கும் எச்சரிக்கை மணி, இரும்புக் குழாய் விழும் சத்தம், பின்சந்துக்கு மேல் மாடியில் தூங்குகிறவர்களுக்கு நேர் காதில். இதற்குத் தீர்வு இருக்கிறது. சரக்கு இறக்குமிடம் கட்டடத்துக்குள்ளேயே, கதவை மூடிக்கொள்ளும்படி, நான்கரை மீட்டர் உயரத்தோடு, லோரி உள்ளேயே திரும்பிக்கொள்ளும் அளவுக்கு இருக்க வேண்டும். தெருவிலிருந்து பின்னோக்கி நுழைகிற மாதிரி வரைந்திருந்தால் அதை ஆட்சேபியுங்கள். சமையலறைப் புகைபோக்கியும் குளிர்சாதனக் கோபுரங்களும் மண்டபத்தின் கூரைமேல்தான் வரும். அந்தக் கூரை உங்கள் மாடி ஜன்னலின் மட்டத்துக்கு வருகிறதா என்பதைக் குறுக்குவெட்டுப் படத்தில் பாருங்கள்.

கழிவுநீரைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. உணவும் சலவையும் உள்ள ஹோட்டலுக்கு ஓர் அறைக்கு நான்கு ஆள் கணக்கு, ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 225 லிட்டர் என்பது மலேசிய வழக்கம். 400 அறை என்றால் 3,60,000 லிட்டர், மண்டபம் தனி. இதைக் குழாய் தாங்குமா என்று பார்க்கத் துறைகள் இருக்கின்றன, நன்றாகவே பார்க்கும். மழைநீர் வேறு கதை. வெல்ட் கீ பக்கம் கடல் ஏற்றமும் அடைமழையும் சேர்ந்து வந்தால் சாக்கடை நீர் கடலுக்குள் இறங்காது. மழைநீரைத் தன் நிலத்திலேயே பிடித்து வைத்து மெல்ல விடும் தொட்டி எத்தனை கன மீட்டர், அது எங்கே என்று கேளுங்கள். உங்கள் தெருவில் நீர் நின்ற நாட்களின் படங்கள் கையில் இருந்தால், தேதியோடு சேர்த்து இணைக்கலாம்.

அடித்தளத்துக்கு வருகிறேன். உயிர்நாடியான பகுதி இது.

போருக்கு முந்திய கடைவீடுகள் ஆழமில்லாத செங்கல் அடித்தளத்தில் நிற்பவை. சுண்ணாம்புக் கலவை, பக்கத்து வீட்டோடு பங்கு போட்ட சுவர், சுவருக்குச் சுவர் தாங்கும் மர உத்தரங்கள். வரிசையில் ஒன்று அசைந்தால் மற்றது சும்மா இருக்காது. கரையோரம் மண் மீட்டு உண்டாக்கிய நிலம், கீழே மென்மையான கடற்களிமண். அதில் இரண்டு, மூன்று அடுக்குக் கீழ்த்தளம் தோண்டினால் குழியில் ஊறும் நீரை இறைக்க வேண்டும். நிலத்தடி நீர்மட்டம் பக்கத்து மனைகளுக்கு அடியிலும் இறங்கும். நீர் போன களிமண் அமுங்கும். அந்த அமுக்கம் மெதுவாக, மாதக் கணக்கில், சில சமயம் ஹோட்டல் திறந்த பிறகும் தொடரும். கதவு மூடாமல் இடிப்பது, ஐந்தடி நடைபாதையின் (கடைகளின் முன்னால் ஓடும் கூரையிட்ட நடைவழி) ஓடுகள் எழும்புவது, கூரை ஒழுகத் தொடங்குவது என்பவை முதல் அடையாளங்கள். சுவர் விரிசல் அதற்குப் பிறகுதான் தெரியும்.

எனவே எழுத்தில் கேட்க வேண்டியவை இவை. குழியைச் சுற்றி நீர் புகாத சுவர். வெளியே நிலத்தடி நீர்மட்டத்தை அளக்கும் குழாய்கள். மட்டம் குறிப்பிட்ட அளவு இறங்கினால் இறைப்பதை நிறுத்த வேண்டும் என்ற எழுத்துபூர்வ நிபந்தனை. வேலை முடிந்து குறைந்தது ஓராண்டுவரை கண்காணிப்பு. தூண் இறக்கும் முறையில், சம்மட்டியால் அடித்து இறக்குவது பழைய சுவருக்குப் பக்கத்தில் கூடவே கூடாது. ஹைட்ராலிக் விசையால் அழுத்தி இறக்குவதில் அதிர்வு குறைவு, ஆனால் களிமண்ணைப் பக்கவாட்டில் தள்ளும், பக்கத்துத் தரை எழும்பலாம். பங்குச் சுவரை ஒட்டிய வரிசைக்காவது துளையிட்டு வார்க்கும் தூண்களைக் கேளுங்கள். அதிர்வுக்கு அளவு வேண்டும். பாரம்பரியக் கட்டடங்களுக்கு உலகமெங்கும் பரவலாக எடுத்தாளப்படும் ஜெர்மானியத் தரம் குறைந்த அதிர்வெண்ணில் விநாடிக்கு 3 மில்லிமீட்டர் என்கிறது, சாதாரண வீட்டுக்கு 5. நிபந்தனையில் 3 என்ற எண்ணே வர வேண்டும். “ஏற்கத்தக்க அளவு” என்று எழுதினால் பின்னால் யாரும் எதையும் நிரூபிக்க முடியாது.

வேலை தொடங்கும் முன் உங்கள் கட்டடத்தின் நிலையைப் பதிவு செய்யும் ஆய்வு நடக்கும், நடக்க வேண்டும். ஆய்வாளர் வரும்போது கடையில் ஆள் இல்லாமல் போனால் “உள்ளே செல்ல முடியவில்லை” என்று எழுதிவிட்டுப் போவார், பிறகு வரும் விரிசல் எல்லாம் பழையது ஆகிவிடும். மாடி, கூரைக்கு அடியில், பின்கட்டு, காற்றுமுற்றம், பங்குச் சுவரின் இரு பக்கமும் படம் எடுக்கச் சொல்லுங்கள். இருக்கும் விரிசலின் அகலம் மில்லிமீட்டரில் குறிக்கப்பட வேண்டும், அதன்மேல் அளவுத் தகடு ஒட்டப்பட வேண்டும். அறிக்கையின் பிரதி உங்களிடம் இருக்க வேண்டும். பிரதி தராத ஆய்வு உங்களுக்காகச் செய்த ஆய்வு அல்ல.

“எதுவானாலும் காப்புறுதி இருக்கிறது” என்பார்கள். கட்டட வேலையைச் செய்யும் குத்தகையாளர் எடுக்கும் கட்டுமானக் காப்புறுதியில் அதிர்வாலும் தாங்கல் பலவீனத்தாலும் பக்கத்துக் கட்டடத்துக்கு வரும் சேதத்துக்குத் தனி இணைப்பு உண்டு. வழக்கமாக அது முழுமையாகவோ பகுதியாகவோ இடிந்து விழுந்தால்தான் பணம் தரும். உறுதியைக் கெடுக்காத மேலோட்டமான விரிசலுக்குத் தராது. வேலைக்கு முன்னரே கட்டடம் நல்ல நிலையில் இருந்திருக்க வேண்டும் என்றும் சொல்லும். நூறாண்டுக் கடைவீட்டுக்கு இந்த மூன்றும் எவ்வளவு பாதகம் என்று யோசித்துப் பாருங்கள். அதனால்தான் காப்புறுதியோடு நிற்காமல், பழுது பார்ப்பதற்கென்று மேம்பாட்டாளர் தனியே வைப்புத்தொகை கட்ட வேண்டும் என்று கேட்கச் சொல்கிறேன்.

யார் ஆட்சேபிக்கலாம்? சட்டம் “அண்டை நிலம்” என்பதற்கு எல்லை வைத்திருக்கிறது. ஒட்டிய மனை. 20 மீட்டருக்கு மேற்படாத சாலை, சந்து, சாக்கடைக்கு அந்தப் பக்கம் உள்ள மனை. ஹோட்டலுக்குப் போகும் சாலை முட்டுச்சந்தாக இருந்தால் 200 மீட்டருக்குள் உள்ள மனைகள். அதிலும் நிலத்தின் உரிமையாளருக்கே அந்த உரிமை. லிட்டல் இந்தியாவில் நம் கடைக்காரர்களில் பலர் வாடகைதாரர்கள், பாட்டன் காலத்திலிருந்து ஒரே கடையில் இருந்தாலும் வாடகைதாரர்களே. சட்டத்தின் கண்ணில் அவர்கள் வெளியே நிற்கிறார்கள். எனவே வீட்டுக்காரரைப் பாருங்கள். அவர் ஈப்போவிலோ சிங்கப்பூரிலோ இருந்தால் உடனே கூப்பிடுங்கள், கடிதத்தை எழுதி அவரிடம் கையொப்பம் வாங்குங்கள், நோட்டீஸ் பழைய முகவரிக்குப் போயிருக்கிறதா என்றும் கேளுங்கள். கோயில்களும் அறக்கட்டளைகளும் இந்த வட்டாரத்தில் நில உரிமையாளர்கள் என்பதை மறக்க வேண்டாம். ஒட்டிய மனை அறநிலத்துக்கு உரியதாக இருந்தால், அவர்கள் எழுதும் ஒரு கடிதம் நாற்பது கடைக்காரர்களின் மனுவைவிடச் சட்டப்படி கனமானது.

இந்த நோட்டீஸ் உரிமை, அந்த இடத்துக்கு உள்ளூர்த் திட்டம் (எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று வகுக்கும் திட்டம்) நடப்பில் இல்லாதபோது எழுவது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். திட்டம் நடப்பில் இருந்தால், மக்கள் கருத்துச் சொல்ல வேண்டிய கட்டம் அதை வரையும்போதே முடிந்துவிட்டது என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. அப்போது உங்கள் ஆயுதம் 22ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு: நடப்பிலுள்ள அந்தத் திட்டத்துக்கு முரணான கட்டுமானத்துக்கு அனுமதி தரக் கூடாது. எந்தப் பக்கத்தில், எந்த விதிக்கு முரண் என்று சுட்டி எழுத வேண்டும். நோட்டீஸ் வந்தாலும் வராவிட்டாலும் எழுதலாம், எழுத வேண்டும்.

கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்: விண்ணப்ப எண், மனை எண், உரிமையாளர் பெயர், அடையாள அட்டை எண், நிலப் பட்டாவின் நகல் அல்லது மதிப்பீட்டு வரி ரசீது, காரணங்கள், முடிவில் “நேரில் விளக்கம் தர வாய்ப்புக் கேட்கிறேன்” என்ற வரி. அந்த வரி இல்லாவிட்டால் உங்களைக் கூப்பிட வேண்டிய கட்டாயம் இல்லை. இருந்தால், ஆட்சேபம் கிடைத்து 30 நாளுக்குள் கேட்க வேண்டும். மலாய் மொழியில் எழுதுங்கள், இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் தேதியோடு சாப் (அலுவலக முத்திரை) வாங்குங்கள். ஒரே கடிதத்தில் அறுபது கையொப்பம் வேண்டாம், ஓர் உரிமையாளருக்கு ஒரு கடிதம். “என் வியாபாரம் பாதிக்கும்”, “போட்டி வரும்”, “அந்த முதலாளியை நம்ப முடியாது” என்பவற்றைத் திட்டமிடல் அதிகாரி ஓரமாக வைத்துவிடுவார். போக்குவரத்து, உயரம், வகை, கட்டட உறுதி, வெள்ளம், சத்தம் இவற்றைத் தள்ள முடியாது.

முடிவு எதிராக வந்தால், ஆட்சேபம் கொடுத்திருந்த அண்டை நில உரிமையாளர் மாநில மேல்முறையீட்டு வாரியத்துக்கு ஒரு மாதத்துக்குள் போகலாம். 21 நாளைத் தவறவிட்டவருக்கு இந்தக் கதவு இல்லை. நீதிமன்ற மறுஆய்வுக்கு முடிவு தெரிந்த நாளிலிருந்து மூன்று மாதம், வழக்கறிஞர் வேண்டும், செலவு பிடிக்கும். கோலாலம்பூரில் சட்டமே வேறு, அங்கே 1982ஆம் ஆண்டு கூட்டரசுப் பிரதேசத் திட்டமிடல் சட்டம். ஆனாலும் தாமான் ரிம்பா கியாரா என்ற பூங்காவில் அடுக்குமாடி கட்டும் திட்டத்தை எதிர்த்த வழக்கில் 2023 ஏப்ரல் 18ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் சொன்னது எல்லாருக்கும் உதவும். அக்கம்பக்கத்தார் வழக்காட உரிமை உடையவர்கள் என்றும், நகரின் அமைப்புத் திட்டத்திலிருந்து (நகர வளர்ச்சிக்கான நீண்டகாலத் திட்டம்) விலகினால் அதற்குக் காரணம் சொல்ல வேண்டும் என்றும் அது தீர்ப்பளித்து, மேம்பாட்டு உத்தரவு ரத்தானதை உறுதி செய்தது. அந்தத் திட்டத்தில் நம்மவர்களின் பழைய தோட்டத்து நீளவீட்டுக் குடும்பங்களுக்கு நிரந்தர வீடும் பிணைக்கப்பட்டிருந்தது என்பதை மறக்காதீர்கள். ஒரு திட்டத்தை எதிர்க்கும்போது அதில் நம்பிக்கை வைத்திருப்பவர்களையும் உட்கார வைத்துப் பேச வேண்டும்.

ஆதரிப்பவர்கள் பக்கத்தையும் அதே கண்டிப்போடு பார்க்கலாம். மாநாட்டுக்கு வருகிறவர் காலைத் தேநீர், மதிய உணவு, மாலைச் சிற்றுண்டி எல்லாம் சேர்ந்த நாள் கட்டணம் கட்டியவர். பகல் முழுக்க மண்டபத்துக்குள் இருப்பார். வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மதியக் கூட்டம் வரும் என்று கணக்குப் போட்டு ஆள் சேர்க்க வேண்டாம். இரவு ஏழுக்கு மேல் திறந்திருக்கும் கடைக்கு ஓரளவு லாபம். அதையும் ஹோட்டலின் வடிவமே தீர்மானிக்கும். தெருவைப் பார்த்த தரைத்தளம் முழுக்கச் சுவரும் கார் வாசலுமாக இருந்தால் ஆள் வெளியே நடக்க மாட்டார். ஐந்தடி நடைபாதை அறுபடாமல் தொடர்ந்து, அதில் சின்னக் கடைகளும் கதவுகளும் இருந்தால் நடப்பார். வியாபாரம் வேண்டும் என்பவர்கள் ஆதரவுக் கடிதத்திலேயே இதை நிபந்தனையாகக் கேட்க வேண்டும்.

வேலைவாய்ப்பு மெய்யானது. ஆனால் விருந்துப் பரிமாறலில் பெரும்பகுதி தினக்கூலிப் பகுதிநேர வேலை. நிரந்தர ஆள் எத்தனை என்று கேளுங்கள். சேவைக் கட்டணத்தைக் கொண்டு குறைந்தபட்சச் சம்பளத்தை நிரப்பக் கூடாது என்று 2021ல் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது, வேலைக்குச் சேரும் பிள்ளைகள் அதைத் தெரிந்து வைத்திருக்கட்டும். ஊருக்கு வருமானம் என்ற பேச்சுக்கும் கணக்கு உண்டு. பினாங்கில் 2014ல் தொடங்கிய ஹோட்டல் கட்டணம் நான்கு, ஐந்து நட்சத்திர அறைக்கு இரவுக்கு 3 ரிங்கிட். 400 அறையில் நூற்றுக்கு 65 நிரம்பினால் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,85,000 ரிங்கிட். நல்ல தொகைதான், ஒரு நகரத்தின் தெருக்களை மாற்றி அமைக்கப் போதுமான தொகை இல்லை. பெரிய மாநாடுகளுக்கு பாயான் பாருவில் செத்தியா ஸ்பைஸ் மாநாட்டு மண்டபம் 2017லிருந்து இருக்கிறது, அகலச் சாலையும் பேருந்து நிற்க இடமும் விமான நிலையமும் பக்கத்தில். பழைய நகரத்துக்குள் இன்னொரு பெரிய மண்டபம் ஏன் என்ற கேள்விக்கு மேம்பாட்டாளர் எழுத்தில் பதில் சொல்லட்டும்.

என் கருத்து இது. 150, 200 அறையும் இருநூறு பேர் கூடும் கூட்ட அறைகளுமாக, பழைய முகப்புகளைக் காத்துக் கட்டினால் நிபந்தனைகளோடு ஆதரிக்கலாம். லிட்டல் இந்தியாவை ஒட்டிய உள்தெருக்களில் 500 பேருக்கு மேற்பட்ட மண்டபத்தை எதிர்க்க வேண்டும். தெரு தாங்காது, நிலமும் தாங்காது.

வாடகைதாரர்கள் உடனே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பாதுகாப்பு 2000ஆம் ஆண்டோடு போய்விட்டது. மாத வாடகையில் இருப்பவரைக் குறுகிய அறிவிப்பில் எழுப்பிவிடலாம். எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள், முத்திரைத் தீர்வை கட்டுங்கள். மூன்றாண்டுக்கு மேற்படாத வாடகைக்குப் பதிவு தேவையில்லை, ஆனால் நிலப் பத்திரத்தில் குறிப்பு ஏற்றாவிட்டால் கட்டடத்தை வாங்கும் புது உரிமையாளரை அது கட்டுப்படுத்தாது. நில அலுவலகத்தில் அந்தக் குறிப்பை ஏற்றிவிடுங்கள். மேம்பாட்டாளர்கள் மனைகளைத் தேடும் காலத்தில் இது பெரிய காப்பு.

நம் வட்டாரத்துக்கே உரிய ஒரு நிபந்தனையைத் திட்டமிடல் ஆலோசகர்கள் தாமாக எழுத மாட்டார்கள். தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் பினாங்கு ஸ்ட்ரீட் கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலை நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலுக்குப் புறப்படுகிறது. 2017லிருந்து தங்க ரதம் குயின் ஸ்ட்ரீட் மகாமாரியம்மன் கோயிலிலிருந்து மலைக்கோயிலுக்குப் போகிறது. குயின் ஸ்ட்ரீட் கோயில் 1833லிருந்து இருப்பது. மாநாட்டு ஹோட்டல்கள் கார் நிறுத்தும் கட்டடத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவே சாலைக்கு மேல் நடைபாலம் கேட்பது வழக்கம். ரதம் போகும் தெருவில் நிரந்தரப் பாலமோ தாழ்ந்த கம்பியோ வரக் கூடாது, கட்டுமான வேலி சாலையைக் குறுக்கக் கூடாது, தைப்பூச நாட்களில் தெருவுக்கு மேல் கிரேன் சுழலக் கூடாது, தோண்டி மூடிய இடத்தில் போடும் இரும்புத் தகடு ரதச் சக்கரத்தைத் தாங்க வேண்டும். கோயில் நிர்வாகங்கள் கூட்டாக இதை எழுதிக் கொடுத்தால் நிபந்தனையாக வாங்கிவிடலாம்.

நிபந்தனை வாங்குவது பாதி வேலை, அது எதில் கட்டப்படுகிறது என்பது மறு பாதி. இறங்குமிட நீளம், மூடிய சரக்குத் தளம், மழைநீர்த் தொட்டி போன்ற கட்டட விஷயங்களை, கட்டடம் முடிந்து குடியேறத் தரும் சி.சி.சி. சான்றிதழுக்கு முன் நிறைவேற்ற வேண்டும் என்று எழுதச் செய்யுங்கள். அந்தச் சான்றிதழைத் தருகிறவர் மாநகர் கழகம் அல்ல, திட்டத்தின் பொறுப்புக் கட்டடக் கலைஞரோ பொறியாளரோதான். எனவே நிபந்தனை தெளிவான எண்களோடு இருக்க வேண்டும். பேருந்து ஒழுங்கு, லோரி நேரம், சத்தம் போன்ற அன்றாட விஷயங்களை ஹோட்டலின் வியாபார உரிமத்தோடு கட்டச் சொல்லுங்கள். உரிமம் புதுப்பிக்கப்படும்போது புகார்ப் பதிவேடு பேசும். அதற்காகவே மீறல் நடந்த ஒவ்வொரு இரவையும் தேதி, நேரம், லோரி எண், படம் என்று தெருவில் ஒருவர் குறித்து வைத்து, மாதம் ஒருமுறை எழுத்தில் கொடுத்து எண் வாங்கிவர வேண்டும். அனுமதிக்குப் பிறகு “வரைபடத் திருத்தம்” என்று வரும் விண்ணப்பங்களையும் அதே ஆள் கவனிக்கட்டும், மண்டபம் பெரிதாவது பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான்.